ஓர் ஆணியில் தொங்கும் குடித்தனம்!

தூய தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர் மறைமலை அடிகள். வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டவர். 1950ஆம் ஆண்டில் மறையும் வரை பல்லாவரத்தில் வாழ்ந்தவர். அதே ஜி.எஸ்.டி. சாலையில், பல்லாவரத்திற்குத் தெற்கே, அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது மறைமலை நகர்.

அடிகளார் இன்று வந்து பார்த்தால் திகைத்துப் போவார்! தனித்தமிழ் தந்த பெரியாரின் பெயர் கொண்ட ஊரைச் சுற்றிலும் கொரிய மொழி கேட்கிறது. ஜப்பானிய மொழி கேட்கிறது. ஜெர்மனும் பிரெஞ்சும் கேட்கின்றன. அடுத்த ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. அந்தப் பக்கம் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் சாப்பாட்டு விடுதிகளே இருக்கின்றன.

இவர்களை இங்கே கொண்டு வந்தவை மோட்டார்த் தொழிற்சாலைகள். அமெரிக்காவின் போர்டு கம்பெனி 1995இல் மகிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து வந்து மறைமலை நகரில் ஆலை கட்டியது. கொரியாவின் ஹூண்டாய் 1996இல் கம்பெனியைப் பதிவு செய்து, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் காரை வெளியிட்டது. மகிந்திரா உலக நகரில் 2007இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் 2010இல் பிரெஞ்சு ரெனோவும் ஜப்பானிய நிஸ்ஸானும், 2012இல் டைம்லர் லாரி ஆலை என்று வரிசையாக வந்து சேர்ந்தன. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் 2007இல் தொடங்கியது. உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

ஆலையோடு ஆட்களும் வந்தார்கள். மேனேஜர்கள், எஞ்சினீயர்கள், யந்திரம் பூட்டும் நிபுணர்கள், அவர்களுடைய மனைவி மக்கள், அவர்களுக்குச் சமைத்துப் போட ஒரு சமையற்காரர்!

'கை நிறையச் சம்பளம். கம்பெனி கார். குளிர்சாதன வீடு. இவர்களுக்கு என்ன குறை?' என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். சௌகரியங்கள் இருப்பது உண்மையே. ஆனால், இந்தக் குடித்தனம் முழுவதும் ஒரே ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஆணியின் பெயர் விசா.

ஒரு விசா, ஒரு முதலாளி

கொரியாவிலிருந்து ஓர் எஞ்சினீயர் ஒரகடத்திற்கு மூன்று வருஷ வேலைக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு வேண்டியது 'எம்ப்ளாய்மென்ட் விசா' என்னும் வேலை விசா.

இதை எல்லோருக்கும் கொடுத்து விடுவதில்லை. நம் நாட்டில் தகுதியுள்ளவர்கள் ஏராளமாகக் கிடைக்கும் வேலைகளுக்கும், குமாஸ்தா வேலை போன்ற சாதாரண வேலைகளுக்கும் இந்த விசா கிடையாது. வருகிறவருடைய சம்பளம் ஆண்டுக்கு ரூ. 16 லட்சத்து 25 ஆயிரத்திற்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. ஆங்கிலம் அல்லாத அன்னிய மொழி கற்பிக்கும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தம் நாட்டுச் சமையல் தெரிந்த சமையற்காரர் ஆகியோர் அதைவிடக் குறைந்த சம்பளத்திற்கும் வரலாம். எஞ்சினீயருக்கு உள்ள சம்பள வரம்பு சமையற்காரருக்கு இல்லை! 'கிம்ச்சி'யைக் கொரியக் கை பக்குவத்தில் போட இங்கே ஆள் கிடைக்காது என்பதை அரசாங்கமே ஒப்புக் கொண்டிருக்கிறது.

விசா கிடைத்து விட்டது. ஆனால், அது எஞ்சினீயருக்கு மட்டும் சொந்தமானதல்ல. எந்தக் கம்பெனியின் பேரில் வாங்கப்பட்டதோ, அந்தக் கம்பெனியோடு கட்டுண்டது. பக்கத்து ஆலையில் இதைவிட நல்ல வேலை காலியாக இருந்தாலும் இவர் தாவிவிட முடியாது. தாய்க் கம்பெனிக்கும் கிளைக் கம்பெனிக்கும் இடையே அனுமதி பெற்று மாறலாம். மற்றபடி பொதுவாக ஊருக்குத் திரும்பிப் போய், புதிய முதலாளியின் பேரில் புதிய விசா வாங்கிக் கொண்டுதான் வர வேண்டும். அதே கம்பெனியில் தொடர்ந்தாலும் அனுமதியை அவ்வப்போது நீட்டித்துக் கொண்டே வர வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பதினான்கு நாள் கெடு

விமானத்தை விட்டு இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 180 நாட்களுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வந்தவர், வந்த 14 நாட்களுக்குள் அன்னியர் பதிவு அலுவலகத்தில் தம்மைப் பதிவு செய்து கொள்ள வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவனை ஒட்டி இருக்கிறது.

முன்பெல்லாம் ஒரகடத்திலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் காகிதக் கட்டோடு அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நகல் குறைந்தால் இன்னொரு நாள் லீவு! 2018ஆம் ஆண்டில் விண்ணப்பங்கள் கணினி வழிக்கு மாறின. இப்போது வீட்டிலிருந்தபடியே படிவத்தை நிரப்பி, படங்களை ஏற்றி அனுப்பலாம். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

அலைச்சல் குறைந்தது. கண்டிப்பு குறையவில்லை. 1939ஆம் வருஷத்து அன்னியர் பதிவுச் சட்டம், 1946ஆம் வருஷத்து அன்னியர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, புதிய குடியேற்ற, அன்னியர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. விசா முடிந்த பின்னும் தங்கியிருப்பவருக்கு மூன்று வருஷம் வரை சிறையோ, ரூ. 3 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இச்சட்டம் இடம் கொடுக்கிறது.

பதிவு செய்து கொண்டவர் வீடு மாறினாலும் தெரிவிக்க வேண்டும். எனவே, மறைமலை நகரில் வாடகை அதிகம் என்று ஸ்ரீபெரும்புதூருக்குக் குடி போவது அவருக்குச் சாமான் ஏற்றுகிற வேலை மட்டுமல்ல. மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டம். ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. இப்போது மாவட்டம் மாறும். பதிவிலும் விலாசம் மாற வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை

இந்தச் சட்டங்கள் எல்லாம் வந்தவருக்குத்தானே, நமக்கு என்ன என்று நினைத்தால் அது தவறு. வீடு கொடுத்தவருக்கும் இதில் பங்கு உண்டு.

"அக்ரிமெண்டு போட்டாச்சு, அட்வான்சும் வந்தாச்சு. இன்னும் என்னங்க பாக்கி?" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு.

"ஐயா, அவர் குடி வந்ததை நீங்கதான் சர்க்காருக்குத் தெரிவிக்கணும்" என்று கம்பெனி ஆள் சொன்னால், "நானா? நான் எதுக்குங்க?" என்று திகைப்பார்கள்.

அன்னிய நாட்டவர் ஒருவர் தங்க வந்தால், அவருக்கு இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்திற்குள் பதிவு அதிகாரிக்கு அந்தச் செய்தியைத் தெரிவிக்க வேண்டும். பெரிய ஓட்டலுக்கும் இதே விதிதான். 'கெஸ்ட் ஹவுஸ்' நடத்துபவருக்கும் இதே விதிதான். மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவருக்கும் இதே விதிதான். வெகு காலம் 'சி பாரம்' என்று வழங்கி வந்தது இதுவே. தகவலைக் கணினி வழியாகவே அனுப்பலாம். பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதி ஆகியவற்றைக் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டியதுதான். புதிய சட்டம் ஆஸ்பத்திரிகளுக்கும், அன்னிய மாணவரைச் சேர்க்கும் கல்வி நிலையங்களுக்கும்கூட இப்படித் தகவல் தரும் கடமையை விதித்திருக்கிறது.

வீட்டுக்காரர் இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அவர் மேல் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. குடியிருப்பவருடைய பாடும் சிக்கல்தான். தம் விலாசத்திற்கு அத்தாட்சி காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் அவர் விழிக்க நேரிடும்.

வாடகைப் பத்திரத்திலும் கவனம் வேண்டும். '11 மாதத்திற்கு ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும்' என்பது நம் ஊர் பழைய வழக்கம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்தது. அதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். நம்மவர்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அன்னியர் அப்படி இருக்க முடியாது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது குடியிருப்பு அத்தாட்சி என்று அவர் நீட்டக் கூடிய காகிதம் பெரும்பாலும் அந்தப் பத்திரம்தான்.

விதை முன்னா, மரம் முன்னா?

வீடு கிடைத்தது. இனி பாங்கிக் கணக்கு. பாங்கியில் விலாச அத்தாட்சியும், வருமான வரி இலாகாவின் 'பான்' எண்ணும் கேட்கிறார்கள். பான் எண்ணுக்கு விண்ணப்பித்தால் விலாசம் கேட்கிறார்கள். விலாசத்திற்காக வீடு பார்த்தால், "அட்வான்சை உள்ளூர் பாங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்க" என்கிறார் வீட்டுக்காரர். எதற்கு விண்ணப்பித்தாலும் கைப்பேசிக்கு ரகசிய எண் வருகிறது. ஆகவே முதலில் உள்ளூர்ப் போன் எண் வேண்டும். போன் கடையிலோ பாஸ்போர்ட்டையும் விசாவையும் விலாசத்தையும் கேட்கிறார்கள்! விதை முன்னா, மரம் முன்னா என்ற கதைதான்.

இந்தச் சுழலிலிருந்து அவரை வெளியே இழுத்து விடுவது கம்பெனி கொடுக்கும் கடிதம். 'இவர் எங்கள் உத்தியோகஸ்தர், இன்ன விலாசத்தில் தங்கியிருக்கிறார்' என்ற அந்த ஒரு கடிதம் பல கதவுகளைத் திறக்கிறது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய உதிரிபாகக் கம்பெனிக்குத் தனியாக வந்து சேர்ந்தவர் பாடுதான் திண்டாட்டம்.

பெயரிலும் ஒரு தொல்லை காத்திருக்கிறது. கொரியரும் ஜப்பானியரும் தங்கள் மொழியில் குடும்பப் பெயரை முதலில் சொல்லுவார்கள். சொந்தப் பெயர் பின்னால் வரும். ஒரு படிவத்தில் முன்னதாகவும் இன்னொரு படிவத்தில் பின்னதாகவும் விழுந்து விட்டால், கணினி 'இவர் வேறு, அவர் வேறு' என்று சாதிக்கும். பான் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் கேட்கிறார்கள். ஐம்பது வயது மேனேஜருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். கல்யாணமான அத்தாட்சி கேட்டால், ஜப்பானியர் கொண்டு வருவது 'கோசெக்கி' என்னும் குடும்பப் பதிவேட்டின் நகல். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அது செல்லுபடியானது என்று முத்திரையும் பெற வேண்டும்.

இதைக் கேட்டுத் தமிழர்கள் சிரிக்க முடியாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை மட்டும் இனிஷியலாக வைத்துக் கொண்டு வெளிநாடு போன நம்மவர்கள், 'உங்கள் குடும்பப் பெயர் எது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பட்ட பாடு கொஞ்சமா?

ஆதார் அட்டை அன்னியருக்கும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் 12 மாதங்களில் 182 நாட்களாவது இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அந்த அட்டை குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகாது. விசா எந்தத் தேதி வரையோ, அட்டையும் அந்தத் தேதி வரைதான். பார்த்தீர்களா, இதுவும் அதே ஆணியில்தான் தொங்குகிறது!

வரியும் வைப்பு நிதியும்

182 என்ற எண்ணை இவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். வருமான வரியிலும் அதே எண்தான் எல்லைக் கோடு. ஒரு வரி ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர் இந்நாட்டு வாசியாகக் கணக்கிடப்படுவார். இங்கே செய்த வேலைக்கான சம்பளம் எந்த நாட்டுப் பாங்கியில் போடப்பட்டாலும் இங்கே வரி உண்டு. புதிதாக வந்தவருக்கு முதல் இரண்டு மூன்று வருஷங்கள் ஒரு சலுகை கிடைக்கிறது: ஊரில் அவருக்கு வரும் வீட்டு வாடகை, வட்டி போன்றவற்றை இங்கே கணக்கில் எடுப்பதில்லை. அதன் பிறகு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்டியாக வேண்டும். ஒரே வருமானத்திற்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் தப்புவதற்காகக் கொரியா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளோடு இந்தியா ஒப்பந்தம் செய்து கொண்டிருக்கிறது.

வைப்பு நிதி விஷயம் இன்னும் சுவையானது. 2008 அக்டோபர் 1 முதல் அன்னிய நாட்டு ஊழியர்களும் நம் தொழிலாளர் வைப்பு நிதியில் சேர வேண்டும் என்று விதி வந்தது. நம்மவருக்குக் கட்டாயப் பிடித்தத்தில் சம்பள உச்சவரம்பு உண்டு. அன்னியருக்கு அந்த வரம்பு கிடையாது. முழுச் சம்பளத்திலும் நூற்றுக்கு 12 பிடித்தம். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். போட்ட பணத்தை எப்போது எடுக்கலாம்? பொதுவாக 58 வயது முடிந்து ஓய்வு பெற்ற பிறகு! முப்பத்தைந்து வயதில் வந்து, முப்பத்தெட்டு வயதில் திரும்பிப் போகிறவர் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்தவையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள். பிரான்சுடன் 2011 ஜூலை 1 முதலும், கொரியாவுடன் 2011 நவம்பர் 1 முதலும், ஜப்பானுடன் 2016 அக்டோபர் 1 முதலும் இவை நடப்பில் இருக்கின்றன. ஜெர்மனியுடனும் உண்டு. ஊரில் பென்ஷன் நிதிக்குப் பணம் கட்டி வருவதற்கு அத்தாட்சி கொண்டு வந்து காட்டினால், இங்கே பிடித்தம் கிடையாது. அமெரிக்காவோடு இத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஆகவே, பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரே வேலை பார்க்கும் கொரியருக்கு ஒரு நியாயம், அமெரிக்கருக்கு ஒரு நியாயம்! அன்னியருக்கான இந்தத் தனி விதி செல்லாது என்று 2024இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. செல்லும் என்று 2025இல் டில்லி உயர்நீதிமன்றம் கூறியது. சர்ச்சை ஓய்ந்தபாடில்லை.

வீட்டிலிருக்கும் அம்மாள்

எஞ்சினீயர் காலையில் ஆலைக்குப் போய்விடுகிறார். அவருடைய மனைவி? ஊரில் அவர் பள்ளிக்கூட ஆசிரியையாகவோ, டாக்டராகவோ, கம்பெனி உத்தியோகஸ்தராகவோ இருந்திருக்கலாம். கணவரைச் சார்ந்து வருவதற்கான விசாவில் வந்திருப்பதால், தனி அனுமதி பெறாமல் அவர் இங்கே சம்பளத்திற்கு வேலை பார்க்க முடியாது. படித்த படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். பாஷை தெரியாத ஊரில், பகல் முழுவதும் நாலு சுவருக்குள். கீரைக்காரி கூவினால் என்ன சொல்கிறாள் என்று விளங்காது. எதிர் வீட்டு அம்மாள் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கலாம். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

பள்ளிக்கூட வயதில் குழந்தை இருந்தால் கவலை இரட்டிப்பு. மூன்று வருஷத்தில் திரும்பிப் போக வேண்டிய பிள்ளைக்கு எந்தப் பாடத் திட்டம் பொருந்தும்? இதனால் பல குடும்பங்கள் அனைத்துலகப் பள்ளிகளை நாடிச் சென்னையிலேயே குடியிருக்கின்றன. ஆண்கள் தினமும் ஆலைக்குக் காரில் போய் வருகிறார்கள். தரமணியிலுள்ள அமெரிக்கப் பள்ளியிலிருந்து ஒரகடம் எவ்வளவு தூரம் என்பது அந்தச் சாலையில் காலை எட்டு மணிக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

காரை ஓட்டுவதும் எல்லோருக்கும் எளிதல்ல. ஜப்பானில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் போகிறார்கள். கொரியா, ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளில் வலப்பக்கம். லைசென்ஸ் கையில் இருந்தாலும் கை பழகாது. பலர் டிரைவரை நம்பியே காலம் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேயே ஒரு குழந்தை பிறந்தால்? 2004 டிசம்பர் 3 முதல் உள்ள சட்டப்படி, தாயும் தந்தையும் அன்னியராக இருந்தால், இந்தியாவில் பிறந்த காரணத்தால் மட்டும் குழந்தை இந்தியப் பிரஜை ஆகிவிடாது. பிறந்த ஊர் செங்கல்பட்டு என்று சான்றிதழில் இருக்கும். ஆனால் குழந்தை அன்னியர்! முதலில் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்து சான்றிதழ் பெற வேண்டும். அதை எடுத்துக் கொண்டு சொந்த நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அதன் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டில் குழந்தைக்கு விசா பெற வேண்டும். கொரியருக்கும் ஜப்பானியருக்கும் சென்னையிலேயே தூதரகங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் தம் நாட்டுத் துணைத் தூதரகத்திற்குப் புதுச்சேரி வரை போக வேண்டும். பாட்டி உடல் நலமின்றி இருக்கிறாள் என்று ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தாலும், கைக்குழந்தையின் காகிதங்கள் முடியாமல் விமானம் ஏற முடியாது.

ஆணி பெயர்ந்தால்...

வேலை போய்விட்டால் என்ன ஆகும்? நம்மவருக்கு வேலை போனால் சம்பளம் போகும். குடியிருக்கும் உரிமை போகாது. அன்னியருக்கு இரண்டும் சேர்ந்தே ஆட்டம் காணும். வேலை முடிந்ததைக் கம்பெனி பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். விசாவின் அடிப்படையே அந்த வேலைதான். அது போனபின் வீட்டுப் பத்திரம், பாங்கிக் கணக்கு, ஆதார், மனைவியின் விசா, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வருகின்றன.

மறைமலை நகருக்கு இது கற்பனையல்ல. 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் ஆலை நின்றது. அப்போது பெரிய அடி விழுந்தது உள்ளூர்த் தொழிலாளர் தலையில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் எவருடைய இருப்பும் ஆலையின் கதவோடு கட்டுண்டது என்பதை அந்த அறிவிப்பு எல்லோருக்கும் நினைவூட்டியது. அதே ஆலையில் மோட்டார் எஞ்சின் செய்ய 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கத்தோடு அந்தக் கம்பெனி உடன்படிக்கை செய்திருக்கிறது. ஆலை இயங்கினால் மீண்டும் நிபுணர்கள் வருவார்கள்; மீண்டும் 14 நாள் கெடு, 24 மணி நேரத் தகவல், பான், பாங்கி என்று சக்கரம் சுழலும்.

எங்கும் இதே கதை

இப்படி அலைய விடுவது நம் நாடு மட்டும் என்று எண்ண வேண்டாம். பிரான்சில் குடியிருக்க ஆசைப்படும் ஆங்கிலேயரைப் பாருங்கள். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை விசா இன்றிப் போய் எத்தனை காலமும் தங்கினார்கள். 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் விலகியது. 2021 ஜனவரி முதல், ஏதேனும் 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க வேண்டுமானால் விசா வேண்டும். நீண்டகால விசாவில் போகிறவர்கள் மூன்று மாதத்திற்குள் கணினி வழியாக அதை உறுதி செய்ய வேண்டும். முன்பே அங்கு குடியிருந்தவர்களும் புதிதாக வசிப்பிட அட்டை வாங்க நேர்ந்தது. பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸைப் பிரெஞ்சு லைசென்ஸாக மாற்றுவதற்கு இரு நாடுகளும் ஏற்பாடு செய்தது 2021 ஜூனில்தான். பாதி உலகத்தை ஒரு காலத்தில் பாஸ்போர்ட் இன்றிச் சுற்றிய இனத்தாருக்கே இந்த நிலை!

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. வளைகுடா நாடுகளுக்குப் போன தமிழர்களைக் கேளுங்கள். விசா எடுத்துக் கொடுத்த முதலாளியை நம்பியே ஊரும் உணவும் என்ற வாழ்வை அவர்கள் நெடுங்காலம் அறிவார்கள். சொந்த ஊரிலேயே அன்னியரானவர்களும் உண்டு. புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் சொல்லலாம் என்றார்கள். அப்படிச் சொன்ன தமிழ்க் குடும்பங்களுக்குப் பிறந்த வீடு புதுச்சேரியில், பாஸ்போர்ட் பாரிஸில்.

நாட்டின் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும். யார் வந்தார், எங்கே இருக்கிறார் என்பது அரசாங்கத்திற்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை அன்னியரும் மறுப்பதில்லை. அவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் எந்தக் காகிதம் முதலில், எது பின்னால் என்ற வரிசைதான். அந்த வரிசையில் ஒரு பங்கு நம் கையிலும் இருக்கிறது. வீடு விடுகிறவர் பாஸ்போர்ட் நகலை வாங்கி அன்றைக்கே தகவலை அனுப்பி விடலாம். வாடகைப் பத்திரத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதலாம். பதிவு செய்து அதன் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்கலாம். காலி செய்து போகும்போது அட்வான்சைக் கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். விசா தேதி முடிந்தபின் ஒரு நாள்கூட நின்று கேட்க அவரால் முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

எதிர் வீட்டு அம்மாள் இன்னும் ஒன்று செய்யலாம். 'சாப்பிட்டாச்சா?' என்ற ஒரு வார்த்தையைக் கற்றுக் கொடுக்கலாம். அதற்கு எந்தப் படிவமும் வேண்டியதில்லை.